நல்ல கிருமிகளுக்கு நான்கு சுற்று டேப்

காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு, கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பானுக்கு இறங்கும் மலைச்சாலையின் ஒரு வளைவில், என் காரின் பின்னிருக்கையில் ஏதோ 'ஸ்ஸ்' என்றது. டயர் என்று நினைத்தேன். டயராக இருந்திருந்தால் இன்றைக்கு நான் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருப்பேன்.

என் தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடம் அறிவியல் ஆசிரியர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மது ஒழிப்புக் குழுச் செயலாளர். (குழுவில் மொத்தம் மூன்று பேர். கூட்டம் முடிந்ததும் மற்ற இருவரும் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.) கிருமி என்றால் எதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன்.

என் மகள் நித்யாவுக்கு இருபத்து நான்கு வயது. போன வருடம் அவளுக்கு ஒரு கண் மங்கியது, இடது கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி, நரம்புகளின் மேலுறையைத் தின்கிற நோய். ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? ராசாவில் இருக்கும் என் மச்சான் வாழைப்பழச் சீப்போடு வந்து உட்கார்ந்து, "சின்னதுல புள்ளைக்கு என்னா சாப்பாடு போட்டீங்க?" என்று கேட்டார். ஒரு மனிதனை அறைய வேண்டும் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

அறையவில்லை. படிக்க ஆரம்பித்தேன். அறைந்தே இருக்கலாம்.

இந்த நோய் உள்ளவர்களின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் மற்றவர்களுடையதைப் போல இல்லை, அவை எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடக்கூடும், ஆராய்ச்சி நடக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் 'கூடும்' என் கண்ணில் படவே இல்லை. நித்யாவுக்கு மூக்கு ஒழுகினாலே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி, "ஆன்டிபயாட்டிக் எழுதுங்க டாக்டர்" என்று மல்லுக்கு நின்றவன் நான். அவள் மண்ணைத் தொட்டால் கிருமிநாசினி ஊற்றிக் கழுவியவன் நான். அப்படியென்றால் அவள் குடலில் இருந்த நல்ல கிருமிகளைக் காலி செய்தது யார்? மச்சான் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நானே என்னைக் கேட்க ஆரம்பித்தேன்.

காலி செய்தவன்தானே நிரப்ப வேண்டும். நல்ல கிருமிகள் பெருகும் என்று பழைய சோறு ஊற வைத்தேன். அது நிதானமாகப் புளித்தது. எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் ரோஸ், அரிசியைப் புளிக்கவைத்துத் தாப்பாய் என்ற இனிப்புச் செய்வார். அதற்குப் போடும் ஈஸ்ட் வில்லைகளில் இரண்டு வாங்கி வந்து சோற்றில் பொடித்துப் போட்டேன். (ஒன்று போதும் என்றுதான் அவர் சொன்னார்.) தீபாவளி முறுக்கு வைக்கிற சிவப்பு மூடி டப்பாவில் அதை அடைத்தேன். முறுக்கு நமுத்துப்போகாமல் இருக்க என் மனைவி லெட்சுமி செய்வதைப் போலவே, மூடியைச் சுற்றி நான்கு சுற்று டேப் ஒட்டினேன். ஒரு கிருமியும் தப்பிவிடக் கூடாது. மூன்று நாள் அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். நொதித்தால் வாயு வெளியேறும் என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டியவன்தான் இதையும் செய்தேன்.

அன்றைக்கு நித்யாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து. ஒன்பது மணிக்கு சிரம்பான் மருத்துவமனையில் இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக ஏற்றப் பல மணி நேரம் ஆகும் என்பதால், பன்னிரண்டு மணிக்குள் ஆரம்பிக்காவிட்டால் இன்னொரு நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் எந்த நரம்பு போகும் என்று யார் கண்டது? போகிற வழியில் இரண்டு கரண்டி ஊட்டிவிடலாம் என்று டப்பாவைத் துண்டால் மூடிப் பின்னால் வைத்திருந்தேன்.

"பின்னால என்னாப்பா வாசம்?"

"ஒன்னும் இல்லலா."

டப்பா வெடித்தது. கண்ணாடி முழுக்கச் சோறு, என் மூக்குக்கண்ணாடி முழுக்கச் சோறு. ஒன்றும் தெரியாமல் பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கிப்போய் இடது சக்கரங்களைச் சாலையோரச் சாக்கடையில் இறக்கிவிட்டு அணைந்தது.

"அப்பா, அடிபட்டுச்சா?"

"இல்ல. ஒனக்கு?"

"இல்ல. ஆனா ஏம்பா என் தலையில சோறு இருக்கு?"

உண்மையைச் சொன்னேன். அவள் காதுக்குப் பின்னால் இருந்த பருக்கையை எடுத்துப் பார்த்தாள்.

"ஒரு வருசமா ஆளாளுக்கு என் ஒடம்புல ஏதாச்சும் செஞ்சி பாக்குறீங்க. டாக்டராச்சும் கையெழுத்து கேக்குறாரு. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியை நினைத்தால் இன்றும் என் காது சுடுகிறது.

கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. கார் உயிர்பெறவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் வெயில் நேராக எங்கள் மேல் இறங்கியது. உடம்பு சூடானால் அவள் கண் மங்கும், கால் தளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருத்துவக் கோப்பை எடுத்து விசிறினேன். ஒரு லோரி வேகம் குறைத்தது. ஓட்டுநர் மூக்கைச் சுளித்து, "காலங்காத்தாலயேவா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடி அவரிடம் சண்டை போட வேண்டும்போல இருந்தது. அந்த நேரத்தில் நித்யா மெதுவாக, "அப்பா, அந்த மரம் ரெண்டா தெரியுது" என்றாள். எனக்கு உலகத்தில் இருக்கிற எல்லார்மீதும் கோபம் வந்தது. எல்லாரையும் சுற்றிவிட்டு அது என்னிடமே வந்து நின்றது.

பத்தேகாலுக்கு வந்த போலீஸ் காரிலிருந்து இறங்கியவர், போன மாதம் கோயில் மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மது ஒழிப்புப் பேச்சைக் கேட்ட அதே சார்ஜன்.

"சிக்கு," என்றார் துயரமாக. மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். "நீங்களுமா?"

ஊதச் சொன்னார். ஊதினேன். கருவி பூஜ்யம் காட்டியது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். அப்போதும் பூஜ்யம். நித்யாவால் இறங்கி நிற்க முடியவில்லை என்பதைப் பார்த்ததும் கருவியை உள்ளே எறிந்துவிட்டு, தன் காரில் குளிர்சாதனத்தை முழுவேகத்தில் வைத்து, சைரன் அலற எங்களைக் கொண்டுபோனார். நடந்ததையெல்லாம் சொன்னேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வில்லை ஏன் போட்டீர்கள்?

பதினொன்று இருபதுக்கு வார்டில் நுழைந்தோம். கள்ளுக்கடை நடந்து வந்ததுபோல எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் என்னை மட்டும் ஜன்னலோரம் நிற்கவைத்தார். குளிர்ந்த அறையில் அரைமணி படுத்ததும் நித்யாவுக்கு மரங்கள் ஒன்றாயின. (பார்க்க மரம் இல்லை. என் மூக்கை எண்ணச் சொன்னேன்.) இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஆனால் டாக்டர் கையெழுத்துப் போடாமல் மருந்தை ஏற்றமாட்டார்களாம். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அப்போதுதான் டாக்டர் வந்தார். வாசலிலேயே நின்று, "யாரு குடிச்சது?" என்றார்.

"யாரும் குடிக்கல டாக்டர்," என்றாள் நித்யா. "எனக்கு ஊட்டுறதுக்குள்ள வெடிச்சிருச்சி."

அவள் முழுக் கதையையும் சொன்னாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். டாக்டர் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மருந்து இறங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். "நான் குடுத்த ஆன்டிபயாட்டிக்னாலயா டாக்டர்?"

அவர் சொன்ன பதிலின் கடைசி வாக்கியத்தை என் வீட்டில் இன்றுவரை விடவில்லை. நான் எதையாவது படித்துவிட்டு முகம் மாறினால் லெட்சுமி அதைத்தான் சொல்கிறாள், மகளும் சொல்கிறாள். வார்டு வாசலில் நின்று அதைக் கேட்ட அந்தச் சார்ஜனும் எங்கே பார்த்தாலும் சொல்கிறார்.

"சார், கொடலுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கும்னுதான் நாங்களும் நெனைக்கிறோம். எந்தக் கிருமி, என்ன செய்யுது, யாருக்கும் இன்னும் சரியா தெரியல. ஒரு அப்பா மருந்து கேட்டாருன்னு இது வர்றதில்ல. தெரிஞ்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். அதுவரைக்கும் எதுக்கும் டேப் ஒட்டாதீங்க."