ஊருக்கே முறை வந்த காலை

சோதனைகள் எல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. எங்கேயோ பெரிதாக ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் சந்தோஷப்பட்டு, பஜார் வரை போய் பஜ்ஜி வாங்கித் தின்றவன் நான்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் சோதிப்பவன். கை சும்மா இருக்காமல், பாடு யாருக்கு என்று முந்தின சாயங்காலமே மெசேஜ் அனுப்பும் ஆப் ஒன்றைச் செய்தேன். “இனிமே ஆப்பு சொல்றதுதான் மொறை” என்று ஊர்த் தலைவரைக் கூட்டத்தில் சொல்லவும் வைத்தேன். (கேட்டு வாங்கிய வினை.)

அந்த நேரம் பார்த்து என் அத்தை கன்னியம்மா புது போன் வாங்கினார்.

“டேய், உன் ஆப்பு தொறக்கவே மாட்டேங்குது. நாளைக்கு எங்க மொறை வேற. இன்னான்னு பாரு.”

அத்தைக்கு அந்த முறை உயிர். போன முறை படகில் ஓட்டை, அதற்கு முந்தின முறை பேய்க்காற்று. இதையும் விட்டால் இறால் சீசனே முடிந்துவிடும்.

என்னிடம் எமுலேட்டர் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு போன் மாதிரி நடிக்கும் சாஃப்ட்வேர் அது. அதையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்போம். கன்டெய்னர் இமேஜ் என்போம். பிரித்தால் எல்லாச் சோதனையும் தானாக ஓடும். என் மூட்டையில் இருந்த எமுலேட்டரோ அரதப் பழசு, அத்தையின் போன் மாதிரி நடிக்க அதற்குத் தெம்பில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதை வைத்து மறுபடி கட்டினேன்.

பழையதோடு சேர்ந்து ஒரு சின்ன ஏற்பாடும் குப்பைக்குப் போய்விட்டது. சோதனை மெசேஜ்கள் வெளியே போகாமல், எமுலேட்டருக்குள்ளேயே போய்ச் சேரும்படி தடுத்துக்கொண்டிருந்த ஏற்பாடு.

விவரமானவர்கள் சோதனைக்குப் பொய்ப் பெயரும் பொய் நம்பரும் வைப்பார்கள். நான் ஊர்ப்பாசத்தில் எங்கள் ஊர்க்காரர்களையே வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் ‘நாளை முகத்துவாரத்தில் உங்கள் பாடு’ என்று அனுப்பி, போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தது. திரை முழுக்கப் பச்சை, எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. நான் பஜ்ஜிக்குப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் என் நைனாவிடமிருந்து போன்.

“இன்னாடா பண்ணி வச்ச? ஊரே முகத்துவாரத்துல நிக்குது.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.) கடல் ஏரிக்குள் நுழையும் அந்த வாயில் படகுகள் இடித்துக்கொண்டு நின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, படகையே விற்றுவிட்ட ஏழுமலை அண்ணன்கூட லீவு போட்டுவிட்டு இரவல் படகில் வந்திருந்தார். நடுவில் அத்தை வீட்டுப் படகு மாட்டிக்கொண்டிருக்க, மாமாவால் வலைக்கு ஒரு கம்புகூட ஊன்ற முடியவில்லை. நீரோட்டம் மாறிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அத்தை கரையில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

“தலைவரே, அது டெஸ்டிங்,” என்றேன்.

“அப்டின்னா?”

“சும்மா அனுப்பிப் பாக்கறது.”

“ஊருக்கே அனுப்பியா பாப்ப? நெசமா யாரு மொறை, அதச் சொல்லு.”

“அத்தை வூட்டு மொறை.”

தலைவர் தன் வலையைத்தான் முதலில் சுருட்டினார். “வழி வுடுங்கப்பா. கன்னியம்மா வூட்டு மொறையாம்.”

ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. படகுகள் ஒதுங்கின. “லீவு போட்டாச்சு, சும்மா போவ முடியுமா?” என்று ஏழுமலை அண்ணன் தண்ணீரில் குதித்துக் கம்பைப் பிடித்தார். அவர் பின்னால் இன்னும் பலர். கூட்டத்தால் வீணான நேரத்தைக் கூட்டமே மீட்டது. நீரோட்டம் மாறுவதற்குள் வலை நின்றுவிட்டது.

இறால் வந்தது, நிறையவே வந்தது. அத்தை கம்பு பிடித்தவர்களுக்கெல்லாம் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என்னை அன்று யாரும் அடிக்கவில்லை, ஆப்பைத் தூக்கிப் போடு என்றும் சொல்லவில்லை. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட நன்றிதான் முந்திக்கொண்டு வருகிறது.

தடுப்பை அன்றே திரும்ப வைத்தேன், அத்தை போனிலும் ஆப்பைத் திறக்க வைத்தேன். சோதனைப் பட்டியலில் இப்போது மனிதர்களே இல்லை. மடவை, கெளுத்தி, நண்டு என்று ஏரிவாசிகள்தான். ஆனாலும் எங்கே கூட்டம் சேர்ந்தாலும், பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும், “இன்னா, அவன் மெசேஜ் அனுப்பிட்டானா?” என்று கேட்பது எங்கள் வீட்டில் நின்றபாடில்லை.

என் கல்யாணத்துக்கு ஊர் மொத்தமும் வந்திருந்தது. தலையில் கூடையோடு வந்த அத்தை, மண்டப வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நெசமா, இல்ல சும்மா அனுப்பிப் பாத்தியா?”

“நெசம்தான் அத்தை.”

“அப்ப சரி,” என்று இறால் கூடையை இறக்கி வைத்தார்.