நாலாவது துளையும் காலங்குலம் அண்ணாச்சியும்

சங்கரன்கோவிலில் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே இரும்புச் சாமான் கடை நடத்திய ஒரே மனிதர் காலங்குலம் அண்ணாச்சிதான். என்ன அளவு கேட்டாலும் “காலங்குலம் கம்மியா எடும்” என்பார். அவருடைய சொந்தப் பெயர் என் காதில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

நான் அவரிடம் சிக்கியது ஊஞ்சலால். என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் நூற்றுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. “பதினோரு வருசமா அந்தப் பலகை சுவத்துல சாஞ்சு நிக்கி. ஊஞ்சல் தொங்குனாத்தான் தபசுக்கு வருவேன்” என்று போனில் சொல்லிவிட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒன்பதே நாள். பலகையில் நான்கு துளை போட வேண்டும். ட்ரில்லிங் மெஷின்காரர் மூன்று முறை வருகிறேன் என்றார், வரவில்லை. கையால் சுற்றும் திருகியை இரவல் வாங்கிவிட்டு, அதில் மாட்டும் பிட்டுக்காக அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

“அரை இஞ்ச் பிட்டு ஒண்ணு.”

“என்ன மரம்வே?”

“தேக்கு. ஊஞ்சல் பலகை.”

“நீரு சொன்னா ஆச்சா? ஒரு சிராய் கொண்டாரும்.”

அவளுடைய பலகையைக் கீற மனம் வரவில்லை. ஜன்னல் சட்டத்தில் ஒரு சிராயைப் பெயர்த்துப் போனேன். மோந்தார், கடித்தார், துப்பினார்.

“வெயில் குடிச்ச மரம். ஊஞ்சலு தெருவுலயா கெடந்தது? இது ஜன்னல்லா!”

மூன்றாம் நடையில்தான் உண்மைச் சிராய் போயிற்று. ஆறு பிட்டுகளைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து, ஐந்தைத் தள்ளினார்.

“நுனித் திருகைப் பாரும். மரை நெருக்கமா இருக்கா? அகல மரைன்னா மரத்தை லபக்குன்னு கடிச்சிரும், உம்ம கை சுத்தாது. நுனி அடியில எட்டிப் பாத்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டுத் துளையும். இல்லைன்னா அடி பேந்துரும்.”

முதல் மூன்று துளைகளிலும் சரியாக முப்பத்தெட்டாம் சுற்றில் நுனி எட்டிப் பார்த்தது. நாலாவதில் குனிந்து பார்ப்பானேன் என்று, சுற்றுகளை மட்டும் எண்ணிக்கொண்டே சுற்றினேன். அந்த மூலை தேய்ந்து மெலிந்த மூலை. முப்பத்தொன்றில் சடசடவென்றது. அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

போட்டது போட்டபடி கடைக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன்.

“எண்ணிக்கிட்டா இருந்தீரு? பாக்கதுக்குத்தானவே கண்ணு!” என்று கடை அதிரச் சிரித்தார். பிறகு எழுந்து, தாம்பாளம் போல அகலமான ஒரு வாஷரைத் தேடி எடுத்தார். “நட்டுக்கு மேல இதைப் போட்டு முறுக்கும். அடியில எவன் பாக்கப் போறான்? மதினிக்கிட்ட நான் மூச்சு விட மாட்டேன்.”

தபசுக்கு முந்தின நாள் அவள் வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். வாஷரை இன்றுவரை பார்க்கவில்லை. அண்ணாச்சியும் சொன்ன சொல் தவறாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது.

கடை திறந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு சிராயை வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் சிராய்தான். அவர் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்.