வாய் மூடிய நிலையில் ஒரு நாய்க்குட்டி

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள தொடர்மாடியில், நாய் வளர்ப்போர் முன்னனுமதி பெறவேண்டும் என்னும் விதி, தேநீரும் றோல்ஸும் பரிமாறப்பட்ட பின்னர் ஏகமனதாக நிறைவேறியது. ஆறாம் மாடிப் புளோறன்ஸும் கையுயர்த்தினார். அன்று அவரிடம் நாய் இருக்கவில்லை. ஏழாம் மாடியில் இருந்தது.

விதி நடைமுறைக்கு வருவதற்கு ஐந்து நாள் முன்னர், கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கை செலீன் ஒரு குட்டியை ஆட்டோவில் அனுப்பிவைத்தாள். பெயர் பிங்கோ, வயது பத்து வாரம். கீழ்த்தாடை கட்டையாதலால், வாயை மூடும்போதெல்லாம் கீழ்க் கூர்ப்பற்கள் இரண்டும் மேலண்ணத்தில் ஊசிபோலக் குத்தின. எனவே பிங்கோ வாயை மூடுவதில்லை. உறங்கும்போதும் அதிர்ச்சியான செய்தி கேட்ட முகத்துடனேயே உறங்கியது.

மிருக வைத்தியர் லுத்பியா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பால்பல்தானே மிஸிஸ், அந்த ரெண்டையும் கழட்டினா தாடை வளர வழி கிடைக்கும். மயக்கித்தான் செய்யணும், வீட்ல ஏலாது. வர்ற வெள்ளி கொண்டு வாங்க. பிந்தினா பெரிய பல்லு வந்து அண்ணத்துல ஓட்டை போட்டிரும்."

திங்களன்று விதி நடைமுறைக்கு வந்தது. அன்று காலை பிங்கோவைக் காற்றுவாங்க அழைத்துச் சென்ற புளோறன்ஸை, வாயிற்காவலன் திலக்ஷன் மறித்தான்.

"அன்ரி, இந்த நாய் பதிவில இல்ல."

"சரி தம்பி, நான் வெளியிலதானே கொண்டு போறன்."

"பதிவில இல்லாத நாய் உள்ளுக்கு இல்ல, அன்ரி. உள்ளுக்கு இல்லாததை வெளியில போனதெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

துறைமுகத்தில் முப்பது ஆண்டு சரக்கு விடுவிப்புப் பத்திரம் எழுதிய புளோறன்ஸுக்கு இந்தத் தருக்கத்தில் ஒரு பிழையும் தென்படவில்லை. பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகலாமோ என்று ஒருகணம் எண்ணினார். ஆனால் பைச் சோதனை விதியை வழிமொழிந்தவரும் அவரே.

முகாமைத்துவக் குழுத் தலைவர் சவுந்தரநாயகம் ஒரு திணைக்களத்தின் இளைப்பாறிய உதவிப் பணிப்பாளர். திணைக்களம் மூடப்பட்டுவிட்டது, அவர் மூடப்படவில்லை. மும்மொழிப் படிவத்தை நீட்டி, எட்டாம் பந்தியைச் சுட்டிக்காட்டினார்: 'இரு செவிகளும் தெரியத்தக்கதாக, நீலப் பின்னணியில், வாய் மூடிய நிலையில் எடுக்கப்பட்ட புகைப்படம், சமாதான நீதவானின் அத்தாட்சியுடன்.'

"வாய் ஏன் சேர் மூடியிருக்க வேணும்?"

"திறந்த வாய் கடிக்கிற நோக்கத்தைக் காட்டும், மிஸிஸ்."

"இது மூடாது சேர். மூடப் பண்ணத்தான் வெள்ளிக்கிழமை டொக்டரிட்டக் கொண்டுபோகப்போறன்."

"நல்ல விசயம். மூடின பிறகு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, அனுமதி தாறன்."

"அனுமதி இருந்தாத்தானே சேர் கொண்டுபோகலாம்?"

"அதுக்குத்தான் படம் கேக்கிறம்."

செவ்வாயன்று காலி வீதிப் படப்பிடிப்பு நிலையத்து மஜீட் நானா நீலத் துணியுடன் வந்தார். பிங்கோவின் செவிகளை இருமுறை சீர்செய்தார். "கொஞ்சம் நிமிருங்க" என்று மரியாதையாகவும் கேட்டார். வாய் மட்டும் இணங்கவில்லை. "கம்பியூட்டர்ல மூடித் தாறேன் மிஸிஸ்" என்று ஆறுதல் கூறி விடைபெற்றார்.

புதனன்று தலைவர் அந்தப் படத்தை நெடுநேரம் நோக்கினார்.

"நான் சமாதான நீதவான். நாயின்ர வாய் இது இல்ல. ஆனா, இந்த உதட்டை எங்கயோ கண்டிருக்கிறன்."

சென்ற வாரம் மஜீட் நானாவிடம் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தவர் யார் என்பது புளோறன்ஸுக்குத் தெரியும். வாய் மூடிய நிலையில் இருப்பதே உசிதம் என அவரும் கருதினார்.

வியாழன் மாலை, வேறு வழியின்றி, தலைவரே தாடையை நேரிற் பரிசீலிக்க எழுந்தருளினார். கையில் அடிமட்டம், பின்னால் கமெராவுடன் மஜீட் நானா. பற்களின் அமைவை அளவிடும்பொருட்டுத் தலைவர் தமது வலக்கைச் சுட்டுவிரலை உள்ளே செலுத்தினார். முளைத்த நாள்முதல் அண்ணத்தையே குத்திவந்த பற்களுக்கு முதன்முறையாக மெத்தென்று ஓரிடம் அகப்பட்டது. பிங்கோ பெரும் நிம்மதியுடன் வாயை மூடியது.

மஜீட் நானா படமெடுத்தார்.

"மூடிற்றுது, சேர்" என்றார் புளோறன்ஸ்.

தலைவர் கொள்கைவாதி. வாய் மூடியிருக்கவேண்டும் என்றே விதி கூறிற்று. வெறுமையாக இருக்கவேண்டும் என்று எங்கும் கூறவில்லை. இடக்கையால் அத்தாட்சிக் கையொப்பமிட்டுவிட்டு, ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வெள்ளியன்று இரண்டு பற்களும் கழன்றன. வாழ்க்கையில் முதன்முறையாக வாயை ஒழுங்காக மூடிக்கொண்டு, மயக்கம் தெளிந்த பிங்கோ வாயிலில் வந்திறங்கியது. திலக்ஷன் அனுமதிப் பத்திரத்தையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அன்ரி, படத்தில விரல் இருக்கு. இந்த நாயிட்ட விரல் இல்ல."

தலைவர் கீழிறங்கி வந்தார். சட்டம் சட்டமே. எஞ்சியிருந்த சுட்டுவிரலைக் கொடுத்து, ஆளடையாளத்தை உறுதிப்படுத்தினார்.

அங்கீகரிக்கப்பட்ட முதற் படம் அதுவாதலால், அதுவே முன்மாதிரியாயிற்று. ஏனைய நாய்க்காரரும் விரலுடன் படமெடுத்தனர். இரண்டு வாரத்தில் அது நாகரிகமும் ஆயிற்று; விரலில்லாத படத்தை மூன்றாம் மாடி றேணுகா "பழைய மொடல்" என்றாள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், விதியை நீக்கும்படி கேட்க எழுந்தார் புளோறன்ஸ். அதற்குள் தலைவர் நிகழ்ச்சிநிரலை வாசித்துவிட்டார்: 'விதியைப் பூனைகளுக்கும் விரிவாக்கல்.' ஐந்தாம் மாடியில் ஒரு பூனை இருந்தது. புளோறன்ஸிடம் பூனை இருக்கவில்லை. எழுந்தது வீணாகாமல், வழிமொழிந்துவிட்டு அமர்ந்தார்.

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. உயர்ந்த கைகளில் பெரும்பாலானவற்றின் விரல்களில் வெள்ளைக் கட்டு இருந்தபடியால், எண்ணுவதும் இலகுவாயிருந்தது.