ஓர் எஞ்சினுக்கு இரண்டு காபரேட்டர்

இயேசு மரி சூசை

பேசாலை,
19.08.2025

பாசமுள்ள எடித் மச்சாளுக்கு றோஸ்மேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீர்கொழும்பில் நீங்களும் முழங்கால் வலி குறைந்து சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் தம்பி அருட்பிரகாசமும் மிகமிகச் சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று திருத்துவார், ஆகையால் எழுதுகிறேன்.

விதானையார் வேலையில் ஓய்வுபெற்றதும் இவர் அந்தக் கிழட்டு மொறிஸ் மைனரை வாங்கியபோது நான் வாய் திறக்கவில்லை. மனுசன் பொழுது போக்கட்டும் என்று விட்டேன். காரும் நன்றாகத்தான் ஓடியது, ஞாயிறு பூசைக்குப் போய் வந்தது, உப்புக்காற்றில் கதவு துருப்பிடித்தாலும் எஞ்சின் ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லாதது இவருக்குப் பொறுக்குமா? வைகாசியில் ஒரு வெள்ளைக்காரன் இதே காருக்கு, காற்றும் பெற்றோலும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற காபரேட்டரை ஒன்றுக்கு இரண்டாய்ப் பூட்டுவதைப் போனில் பார்த்துவிட்டார். "இஞ்சரும், எங்கட எஞ்சின் ஒற்றை மூக்காலயெல்லோ மூச்சு விடுது, பாவம்" என்றார். கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிற நௌஷாட் தலையில் அடித்துக்கொண்டு, "சேர், ஓடுற எஞ்சினைக் கழட்டாதீங்க" என்றான். அவனுக்குப் படகு மட்டுந்தான் தெரியுமாம். அன்றைக்கே எஞ்சினின் மேல்பாதி என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. என் மீன் கத்தியால் கரி சுரண்டினார், நான் ஒரு கிழமையாகக் குசினியில் நின்றபடி சோறு தின்றேன்.

பிறகு இரண்டாவது காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒழுகாமல் வைக்கத் தடித்த மட்டை தேடியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனால் நேர்ஸ் ஜெனுஷா மிஸி, "அன்ரி, உங்கட பிறெஷர் காட் எங்க?" என்கிறா. வீடெல்லாம் கிண்டிவிட்டு இவரிடம் கேட்டேன். "அது எஞ்சினுக்குள்ள இருக்குது. ஒரு சொட்டு ஒழுக்கில்லை" என்று பெருமையாய்ச் சொல்கிறார். ஐந்து வருடத்துப் பிறெஷர் எழுதின மட்டை, மச்சாள்! மிஸியிடம் என்னவென்று சொல்ல, பொனற்றைத் திறந்து பாருங்கோ எண்டோ?

இதையும் பொறுத்தேன். மடுமாதா திருவிழாவன்று வழியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மகள் டிலோஜினிக்குக் கலியாணமாகி எட்டு வருடத்தின் பின் பிள்ளை தங்கியிருக்கிறதல்லவா, அவள் பெயரில் திருவிழாப் பூசையில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தேன். கோயில் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "சொந்தக் கார் நிக்க பஸ்ஸோ?" என்று ஏற்றிக்கொண்டு போனார். மன்னார்ப் பாலம் தாண்டுகிற இடத்தில் கார் "படார்!" என்று வெடித்தது பாருங்கோ, காவலுக்கு நின்ற இரண்டு ஆமிக்காரரும் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டார்கள். உங்கள் தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "காபரேட்டர்! காபரேட்டர்!" என்று கத்துகிறார். துவக்கோடு ஓடிவந்த பொடியன் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தான், குருநாகலில் அவன் தகப்பனிடமும் இதே கார் உண்டாம். துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். என்னைப் பார்த்து, "அம்மா, ரெண்டு வேணாம். ஒண்டு காணும்" என்றான். இவர், "இவனுக்கென்ன தெரியும்" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு தலையும் மூன்று மணித்தியாலம் உள்ளேதான். எங்கள் கோயில் பஸ் தாண்டிப் போனது, எல்லாரும் கை காட்டினார்கள், பங்குச் சுவாமி மட்டும் ஆசீர்வதித்தார், எனக்கோ காருக்கோ தெரியவில்லை. கழுதைகள் நாலைந்து வந்து கார் நிழலில் நின்றன. போனில் நேரடி ஒளிபரப்பில் பூசை முடிகிற பாட்டுக் கேட்டது. நான் றோட்டோரம் முழங்காலில் நின்று மெழுகுதிரியைக் கொளுத்தினேன், காற்று அணைத்தது. மூன்று தரம் கொளுத்தினேன், மூன்று தரமும் அணைத்தது. அழுதுவிட்டேன், மச்சாள். அப்போது உங்கள் தம்பி தலையை நிமிர்த்தி என்ன சொன்னார் தெரியுமா? "றோஸ், அழுதது காணும். ஒருக்கா ஸ்ராற் பண்ணும் பாப்பம்."

ஆகையால் நீங்கள் இந்த ஞாயிறே வரவேண்டும். உங்கள் சொல்லுக்குத்தான் அடங்குவார். பெரியமடுவிலிருந்து ஒருவர் வியாழக்கிழமை காரை விலைக்குப் பார்க்க வருகிறார். அவருக்கே கொடுக்கச் சொல்லுங்கோ. கார் போகாவிட்டால் நான் வவுனியாவுக்கு மகளிடம் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன், சத்தியம்.

மடுமாதா உங்கள் வீட்டையும் முழங்காலையும் காப்பாளாக.

உங்கள் அன்பு மச்சாள்,
றோஸ்மேரி

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடமுன் வியாழன் வந்துவிட்டது. பெரியமடுக்காரர் காரைச் சுற்றிப் பார்த்து, "அம்மா, எஞ்சின் பழைய இரும்பு. கழட்டி எறிஞ்சுபோட்டு வேன் எஞ்சின் ஒண்டு போடலாம்" என்றார். இவர் பொனற்றைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, மச்சாள். "நாலு சிலிண்டரும் நூற்றிருபது கம்பிறெஷன் காட்டுற எஞ்சின் தம்பி இது! கையை எடும்!" என்று கத்திவிட்டேன். அவர் போய்விட்டார். நீங்கள் ஞாயிறு வரத் தேவையில்லை. வருவதென்றால் நாலு ஸ்பார்க் பிளக் வாங்கி வாங்கோ, மரை நீளமானதாய்ப் பார்த்து. இவர் வாங்கியது கட்டை. நான் கழற்றிப் பார்த்தேன், இவருக்குச் சொல்ல வேண்டாம்.