கெலிண்டான் மங்களம்

இனிமே மத்தியானம் தனியாச் சாப்பிடறதில்லைன்னு ஒரு முடிவுக்கு வந்தேன். பெரிய முடிவு லா. நான் ஈப்போவுல வேன்ல பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளு. லகாட் பக்கம் ஒரு மரத்தடியில வேனை நிறுத்தி, மடியில டப்பாவை வச்சுச் சாப்பிடுவேன். பேச்சுத் துணைக்குப் பின்னாடி நூறு பொட்டலம் இருக்கும். ஒண்ணுகூட வாயைத் திறக்காது. வீட்டுல என் பொண்டாட்டி மங்களமும் தனியாத்தான் சாப்பிடுவா. மக தினேஸ்வரி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து இப்படித்தான்.

"தனியா இருக்க முடியல, நீயும் வா"ன்னு அவகிட்டச் சொல்லலாம். அதுக்கு வேற ஆம்பளை பொறக்கணும். நான் பாஸ் கனகராஜ்கிட்ட போனேன்.

"பாஸ், டவுனுக்குள்ள ஒரே ஜேம். பார்க்கிங் கிடையாது. நான் இறங்கிப் போனா போலீஸ்காரன் சமன் வச்சு அபராதம் போட்டுடறான். வேன்ல ஒக்கார, கூடமாட ஒத்தாசை பண்ண ஒரு கெலிண்டான் வேணும்."

"ஆளு இருக்கா?"

"வீட்டுல ஒரு ஆளு சும்மாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து கதையைத் திருப்பிப் போட்டேன்.

"மங்களம், பாஸ் உன்னைத்தான் கெலிண்டானாக் கூட்டியாரணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு."

"என்னை அவருக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிச்சிருப்பாரு."

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. ஆனா வந்தா.

மொத நாள் மரத்தடியில ரெண்டு பேரும் சாப்பிட்டோம். நெத்திலிச் சம்பல். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. காரம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மறுநாள் ஆரம்பிச்சா.

"ஏங்க, புந்தோங் போயிட்டு லகாட் வந்து, திரும்பப் புந்தோங் எதுக்கு?"

"போன்ல அப்படித்தான் வழி காட்டுது."

"போன் எத்தனை வீட்டுக்குக் கல்யாணக் கார்டு கொடுத்திருக்கு?"

அங்கதான் நான் மாட்டினேன். சொந்தத்துல யாருக்குக் கல்யாணம்னாலும், வீடு வீடாப் போய்க் கார்டு கொடுக்கிறது மங்களம்தான். எந்தச் சந்துல வேன் நுழையாது, மார்க்கெட்காரங்க எப்பத் தூங்குவாங்க, எந்த வீட்டுல நாய் அவுத்து விட்டிருக்கும், எல்லாம் அத்துப்படி. பொட்டலத்தையெல்லாம் இறக்கி அவ வரிசைப்படி அடுக்கினா. சாயங்காலம் முடியற வேலை மத்தியானமே முடிஞ்சுது. மிச்ச நேரம் மரத்தடியில கதை பேசினோம். ஒரு வாரம் நான் ராஜா.

சும்மா இருந்திருக்கலாம். மங்களத்தையும் கூட்டிக்கிட்டு பாஸ்கிட்ட போய்ப் பெருமை அடிச்சேன். அவரு என்னை விட்டுட்டு மங்களத்தைப் பார்த்தாரு.

"அக்கா, லைசன்ஸ் இருக்கா?"

"இவருக்கு முந்தியே எடுத்துட்டேன்."

"தெலுக் இந்தான் ரூட்டு தூரம், அதுக்கு ஆளு இல்ல. தனி வேன் தாரேன்."

நான் பின்னாடி நின்னு வேணாம் வேணாம்னு ஜாடை காட்டினேன். அவ அதைப் பார்த்தா. பார்த்துக்கிட்டே சாவியை வாங்கிட்டா.

"அப்ப மத்தியானம் எனக்கு?" வெளிய வந்து கேட்டேன். என் குரல் எனக்கே பாவமா இருந்துச்சு.

"தனியா இருக்க முடியலன்னு நீங்க கூப்பிட்டிருந்தா, கெலிண்டானாவே இருந்திருப்பேன். பாஸ் கூப்பிட்டாருன்னுதானே சொன்னீங்க? அவரு சொல்ற எடத்துக்குப் போறேன்."

இப்பக் காலையில நான்தான் சமைக்கிறேன். ரெண்டு டப்பா கட்டறேன். ஒண்ணு தெலுக் இந்தான் போகுது, ஒண்ணு லகாட் போகுது.