விளம்பரம் நீக்கப்பட்டது

செய்தி வந்தது மாலை ஏழு மணிக்கு. சரியாக ஏழு. ஏனென்றால் இசுருகி கைப்பேசியை எடுத்த அதே நொடியில் அவருடைய கணினித் திரையில் பதிவு தொடங்கியதற்கு அடையாளமாக மூன்று சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. செய்தி அறிக்கை ஒன்று, சமையல் போட்டி ஒன்று, பனிக்கரடிகளைப் பற்றிய படம் ஒன்று.

"மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள் மருத்துவமனையிலிருந்து அக்கா மகள் சினாட்சு.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார் இசுருகி.

நான்காவது புள்ளி எரியவில்லை. அதையும் எரியவைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவசரப்பட்டு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் பதிவாளர். பதிவாளர் என்றதும் பத்திர ஆபீசை நினைக்க வேண்டாம். இது காற்றில் வரும் தொலைக்காட்சியைக் கணினியில் பிடித்து அடைக்கும் இனம். ஜப்பானில், எங்கள் தொயாமாவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். இரவெல்லாம் பனி கொட்டிய மறுநாள், ஊரே வாசலில் பனியை வாரிக்கொண்டிருக்கும்போது, கூரைமேல் ஏறி நின்று துடைப்பத்தால் ஆன்டெனாவைத் தடவிக்கொண்டிருப்பவர் எவரோ, அவர்தான். அவர் வீட்டு வாசல் பனி? அது மனைவி பாடு. இசுருகியைப் போல மனைவி இல்லாதவர் என்றால் அக்கா பாடு.

பதிவாளருக்குக் கண் இரண்டு, அலை பிடிக்கும் ட்யூனர் நான்கு. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் இரவில் பதிவானவற்றின் குறிப்பைத் திறப்பார். எதில் எத்தனை டிராப் என்று பார்ப்பார். டிராப் என்பது அலை இடறி ஒரு துளி விட்டுப்போவது. படம் ஒரு கணம் சதுரம் சதுரமாக உடைந்து மீண்டும் கூடும். உங்களுக்கும் எனக்கும் அது கண்ணிமைக்கிற நேரம். பதிவாளருக்கு அது பாலில் விழுந்த பல்லி. மொத்தப் பாலையும் கொட்டிவிட்டு, மறுஒளிபரப்பு வரும்வரை சோறு இறங்காமல் அலைவார். வட்டு நிரம்பினால் வட்டு வாங்குவார், அந்த வட்டு நிரம்பினால் அதைவிடப் பெரிய வட்டு வாங்குவார், வட்டுகளை அடுக்க அலமாரி வாங்குவார், அலமாரிக்கு இடம் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையை விற்றுவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார்.

இதையெல்லாம் எப்போது பார்ப்பார்?

நல்ல கேள்வி. அவரிடம் கேட்டுவிடாதீர்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்பது அவர்களுடைய மூலமந்திரம். ஏழு ஜென்மம் எடுத்து ஏழிலும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தால் பாதி முடிக்கலாம்.

"டேய், நீ பாக்கிறதுக்குள்ள அந்தக் கரடியெல்லாம் செத்துப்போயிரும்டா" என்பாள் அக்கா ஃபுசாயே, மண்வாரியைக் கதவோரம் சாத்திவிட்டு.

"செத்தாலும் என்கிட்ட இருக்குமே!" என்பார் தம்பி.

இந்த இனத்திலும் மேல்சாதி உண்டு. விளம்பரம் வெட்டுகிறவர்கள். இசுருகி அதில் தலைமைப் பீடம். நிகழ்ச்சி ஓடும்போது திரையின் மூலையில் நிலையத்தின் முத்திரை மங்கலாக நிற்கும், விளம்பரம் வந்தால் மறைந்துவிடும் அல்லவா? முத்திரை மறைந்த இடத்தையெல்லாம் தானே கண்டுபிடித்து வெட்டி எறியும் ஒரு நிரலை அவர் அமர்த்தியிருந்தார். நிரல் அசந்த இடத்தில் தன் கையாலேயே வெட்டுவார். வெட்டிய பிறகு தையல் தெரியக் கூடாது. பேச்சாளர் மூச்சை இழுப்பது விளம்பரத்துக்கு முன்னால், பேசுவது பின்னால். இவருடைய பதிவில் இழுத்த மூச்சிலேயே பேசுவார். அரிசியில் கல் பொறுக்கியவனுக்குத்தான் தெரியும் ஐயா, அந்தச் சுகம்.

ஃபுசாயே வேலை பார்த்தது ஒரு கமபோகோ கடையில். மீனை அரைத்து வேகவைத்துக் கட்டியாக்கி, துண்டு போட்டால் உள்ளே சுருள் சுருளாகக் கடற்பாசி தெரியுமே, அதுதான். கடை முதலாளி கஞ்சன். விளம்பரம் எடுக்க நடிகைக்குக் கொடுக்க மனமில்லாமல், கொதிநீர்த் தொட்டியருகே நின்ற ஃபுசாயேயை அப்படியே இழுத்து நிறுத்தினான். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் காலணி. கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்திக் கேமராவின் மூக்குவரை நீட்டி அவள் சொல்வாள்: "நல்லா இல்லன்னா என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுங்க!" மொத்தம் பதினைந்து நொடி. வெள்ளிதோறும் மாலை உள்ளூர்ச் செய்திக்கு நடுவில் வரும். சில குளிர்காலங்கள் தொடர்ந்து வந்தது. மீன்சந்தையில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் "மூஞ்சிக்கு நேரா!" என்று கத்திவிட்டு ஓடும்.

தன்னைத் தானே ஒருதரம் பார்க்க ஆசைப்பட்டு, மீன்கட்டிப் பொட்டலத்தோடு தம்பி வீட்டுக்கு வந்தாள் ஃபுசாயே. இசுருகி வெள்ளிக்கிழமைச் செய்தியைப் போட்டார். மேயர் பாலம் திறந்தார். அடுத்த நொடி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முள்ளங்கி பிடுங்கினார்கள்.

"நான் எங்கடா?"

"பாலத்துக்கும் முள்ளங்கிக்கும் நடுவுல இருந்த. தையல் தெரியுதா பாரு!"

"அடப்பாவி, சொந்த அக்காவையே வெட்டிட்டியேடா!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இசுருகி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பல நாள் கழித்தும் சக பதிவாளர்களிடம் சொல்வார்: "எங்கக்கா வந்த விளம்பரத்தையே விடல நான். விளம்பரம்னா விளம்பரம். ஆள் பாத்தா வெட்டுறது?"

இப்போது அந்தத் தொலைபேசிக்குத் திரும்புவோம்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சினாட்சு. "அம்மா பேசுற மாதிரி எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. எப்பவும் அவங்கதானே கேமராவைப் பிடிப்பாங்க? கடையும் மூடியாச்சு, விளம்பரம் எடுத்த கம்பெனியும் இல்ல, டிவி ஆபீஸ்லயும் கேட்டுட்டேன், வச்சுக்க மாட்டாங்களாம். உங்ககிட்ட இருக்கும்ல? நாளன்னிக்கு எல்லாரும் வந்து உக்காரும்போது அம்மா குரலை ஒரு தடவை போடணும் மாமா."

தாய்மாமன் என்று ஒருவர் இருப்பதே இப்படி ஒரு நாளுக்குத்தானே? அக்காவுக்குப் பிறகு முதல் முறையாக அந்த அலமாரியில் இருந்து ஒருவர் ஒன்றைக் கேட்கிறார்.

"இருக்கும்மா. எங்கிட்ட இல்லாம எங்க போகும்?" என்றார் இசுருகி. சொல்லிக் கைப்பேசியை வைத்த பிறகுதான் தான் வெட்டியது நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமைகளைத் திறந்தார். பாலம், முள்ளங்கி. பன்றிக் காய்ச்சல், தேர்த் திருவிழா. பனிப்பொழிவு, பள்ளி விடுமுறை. அத்தனை வெள்ளியிலும் அக்கா ஒருமுறை வந்து நின்று கத்தியை நீட்டியிருக்கிறாள். அத்தனை வெள்ளியிலும் தையல் தெரியவில்லை. ஒரு சறுக்கல்கூட இல்லையா? நிரல் தூங்கிய ஒரே ஒரு நாள்? இல்லை. அப்படிப்பட்ட கைச்சுத்தம்.

ஊரில் இன்னொரு பதிவாளர் இருக்கிறார், யாச்சி. இசுருகி அவருக்கு வைத்த பெயர் குப்பைத்தொட்டி. யாச்சி எதையும் வெட்ட மாட்டார், எதற்கும் பெயர் வைக்க மாட்டார். அவருடைய ஆன்டெனா ஒரு சீமைப்பனிச்சை மரத்துக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். பனி விழுந்தால் அதைத் தட்டக்கூட ஏற மாட்டார். மறுநாள் மதியம், முழங்கால் பனியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார் தலைமைப் பீடம்.

"அடடே, சுத்தக்காரர் குப்பைமேட்டுக்கு வந்திருக்காரு! பூட்ஸைக் கழட்டாதீங்க, கால் அழுக்காயிரும்."

"அக்கா தவறிட்டாங்க யாச்சி."

யாச்சி கணப்பு வைத்த மேசைக்கு அடியில் கிடந்த பூனையைத் தள்ளி இடம் பண்ணினார். இசுருகி தேவையைச் சொன்னார்.

"மூஞ்சிக்கு நேராவா? இருக்கணுமே! நானா அழிக்கல, ஆனா வட்டு நிறைஞ்சா பழசு தானா அழிஞ்சிரும். எது மிஞ்சிச்சுன்னு எனக்கே தெரியாது."

இவரை உடனே முனிவராக்கிவிடாதீர்கள். யாச்சி வெட்டாமல் வைத்தது ஞானத்தால் அல்ல, சோம்பலால். அவரும் எதையும் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து அன்று மாலைவரை தொலைக்காட்சி பார்த்தார்கள். இத்தனை ஆண்டில் இருவருக்கும் அதுவே முதல் முறை.

ஒரே ஒரு வெள்ளி மிஞ்சியிருந்தது. கடும்பனி நாள்.

"டிராப் நிறைய இருக்கு அண்ணே. பரவால்லையா?"

பாலில் பல்லி விழுந்தால் குடம் குடமாகக் கொட்டிய மனிதர், "பரவால்ல, குடு" என்றார்.

ஃபுசாயே வந்தாள். தொப்பி வந்தது, கத்தி வந்தது, கத்தி முனையில் சுருள் வந்தது. "நல்லா இல்லன்னா" என்று வாய் திறந்தபோது படம் உடைந்தது. நெற்றி ஒரு சதுரம், கன்னம் ஒரு சதுரம், பற்கள் எங்கோ தோளுக்குப் பக்கத்தில். குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுங்க!"

இசுருகி நேராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஊதுபத்திப் புகைக்கு நடுவில் மறுநாள் மாலை அது ஓடியது. விளம்பரத்தை மட்டும் தனியே வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்த இசுருகி, முழுக் கோப்பையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். அக்கா கத்தியை நீட்டினாள். மீன்சந்தைப் பெண்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு அழுதார்கள். அதையடுத்துப் பனிக்கால டயர் விளம்பரம் வந்தது. அதற்கடுத்து இருமல் மருந்து. ஒருவரும் எழுந்துபோய் நிறுத்தவில்லை.

"மாமா, முகம் சரியா தெரியலையே" என்றாள் சினாட்சு.

"ஆமாம்மா" என்றார் இசுருகி. "எங்கிட்ட இருந்தது சுத்தமா இருந்துச்சு."

ஜப்பான்காரருக்கு வந்த வினை என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். புரட்டுங்கள். அதற்குமுன் உங்கள் கைப்பேசியை ஒருமுறை திறந்து பாருங்களேன். அப்புறம் பார்க்கலாம் என்று அதில் அடைத்திருப்பவை எத்தனை? இடம் போதவில்லை என்று அது கதறும் நாளில் எதை முதலில் அழிக்கிறீர்கள்? மங்கலானதை. ஆடியதை. கச்சேரிக்கு நடுவில் "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று குறுக்கே பேசி யாரோ கெடுத்த துண்டை. நல்ல காரியம். சுத்தமாக இருக்கட்டும். நீங்கள் அந்த இனமா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கூரைமேல் ஏற வேண்டியதில்லை. உங்கள் வாசலை யார் பெருக்குகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

யாச்சி கொடுத்த கோப்பு இசுருகியின் கணினியில் வெட்டுவதற்காகத் திறந்தே இருக்கிறது. பதினைந்து நொடியின் தொடக்கத்தில் குறி வைத்துவிட்டார். முடிவில் இன்னும் வைக்கவில்லை.