ஐஸ் அறைக்கு ஒரு தீர்மானம்

“படிச்ச பொண்ணு சட்டம் பேசும், மீன் பேசாது” என்று, எங்கள் மீனவர் சங்கத்தில் நான் செயலாளரான அன்றே அஞ்சலை அத்தை சொன்னாள். கரையில் கூடை வைத்து மீன் விற்பவள். பொறாமை என்று நினைத்தேன். (எங்கள் குடும்பத்தில் முதலில் செர்த்திபிக்கா, அதாவது பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழ், வாங்கியவள் நான். அந்தத் திமிர் வேறு.)

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும் என்ற வெறியில் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி எழுதினேன்: சங்கத்து டைரக்டர்கள் ஐந்து பேரில் மூன்று பேராவது கூடித் தீர்மானம் போடாமல் ஐஸ் அறை திறக்கப்படாது. ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலையில் கரை கொள்ளாமல் கானாங்கெளுத்தி வந்திறங்கியது. ஐஸ் அறை வாசலில் கூடைகள். சாவி என் இடுப்பில். டைரக்டர்களில் சங்கத் தலைவரையும் சேர்த்து இருவர்தான் வந்திருந்தார்கள், மற்றவர்கள் கடலில்.

“சாவியக் குடுடி. மீனு கண்ணு வெளுக்குது.”

“மூணு பேரு வரணும் அத்தை. அதான் விதி.”

“விதியக் கூடையில வச்சு விக்கட்டுமா?”

உச்சிவெயிலில் மூன்றாமவர் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தார். அப்போதாவது திறந்திருக்கலாம். நான் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன். ஏழு பக்கம். (நல்ல உச்சரிப்போடு.)

“சரிதாம்மா, சரிதாம்மா” என்றார் தலைவர், கண்ணை மூடியபடி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கதவைத் திறந்தேன். மரத்தூளுக்குள் ஐஸ் புத்தம் புதிதாக இருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய மீன் தென்னந்தோப்புக்கு எருவாகப் போனது. அன்று எத்தனை வீட்டில் உலை வைக்கவில்லையோ. அத்தை கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

இன்றும் நான் சோறு போட வந்தால் அண்ணன் கேட்பான்: “மூணு பேரு ஆச்சா? குறிப்ப வாசிச்சிட்டுப் போடு.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அடுத்த கூட்டத்துக்கு வேறு விதி கொண்டுபோனேன்: எவ்வளவு ஐஸ் வாங்குவது, யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு செய்வது டைரக்டர் குழுவின் வேலை. கதவைத் திறப்பது கரையில் நிற்பவர் வேலை. இதை அரைப் பக்கத்தில் எழுதி, பேசுகிற தமிழில் வாசித்தேன். முதல் தடவையாக ஒரு டைரக்டர் கேள்வி கேட்டார். சாவி என் இடுப்பிலிருந்து கரையில் நிற்பவர்கள் கைக்கு மாறியது.

போன வாரம், டைரக்டர் தேர்தலுக்கான மனுவில் அஞ்சலை அத்தையின் பெயரை நானே எழுதி, கைநாட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மை தொட்ட விரலை அழுத்தும்போதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.